விசில் கையில், கண் கோட்டில்

ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் பனித்தரையில் ஓடும் அந்த நால்வரைப் பற்றி. எனக்கு மிகப் பிடித்த விஷயம். சனிக்கிழமைகளில் சிறுவர் ஆட்டங்களுக்கு நானும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறவன்.

கே: ஐஸ் ஹாக்கி நடுவருக்கு முதல் தேவை எது? கூர்மையான கண்ணா, கறாரான மனசா? (ஸ்கார்பரோ)

ப: கால்.

எப்பேர்ப்பட்ட கண்ணாக இருந்தாலும், முன்னால் ஒரு முதுகு நின்றால் முதுகுதான் தெரியும். வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்-லில் ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஓங்கி அடித்த பக் (ரப்பர் வட்டு) ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டு மூன்று விநாடியில் போய்விடும். அதைத் துரத்துகிற நடுவர் எப்போதும் பின்தங்கியே இருப்பார். ஆட்டம் எங்கே திரும்பப்போகிறது என்று முன்கூட்டியே கணித்து, அங்கே போய் நின்றுகொண்டு, வருவதைப் பார்க்கிறவர்தான் தேறுவார்.

கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இரண்டு பேர் சுவரோரம் முட்டி மோதும்போது, மூக்கருகே நிற்பவருக்குத் தோளும் தொடையும்தான் தெரியும். கொஞ்சம் தள்ளி, இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிகிற கோணத்தில் நிற்பவருக்குத்தான் எந்த ஸ்டிக் எந்தக் காலை வாரியது என்று புரியும். அந்தக் கோணத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கால்தான்.

கே: நால்வருக்கும் ஒரே சட்டை. யார் ரெஃப்ரி, யார் லைன்ஸ்மேன்? (கோவை)

ப: புஜத்தைப் பாருங்கள். ஆரஞ்சுப் பட்டி இருந்தால் ரெஃப்ரி. தவறுகளுக்குத் தண்டனை கொடுப்பதும் கோலை அறிவிப்பதும் அவர் பொறுப்பு. பட்டி இல்லாத இருவரும் லைன்ஸ்மேன்கள்: ஆஃப்சைட், ஐசிங், ஃபேஸ்-ஆஃப் (பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது), சண்டை விலக்கு.

இந்தக் கோட்டுச் சட்டை என்.எச்.எல்-லுக்கு வந்தது 1955 டிசம்பர் கடைசியில். ரெஃப்ரிகள் இருவராக ஆனதோ அதற்கு வெகுகாலம் பிறகுதான். 1998-99 சீசனில் சில ஆட்டங்களில் சோதித்துப் பார்த்து, 2000-01 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன் அத்தனை பெரிய தரைக்கும் ஒரே ரெஃப்ரி.

கே: இரண்டு ரெஃப்ரிகளும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? (மார்க்கம்)

ப: ஒரு பயனும் இல்லை. அதனால்தான் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை.

தாக்குதல் ஒரு பக்கமாகப் போகும்போது ஒரு ரெஃப்ரி உள்ளே போய்க் கோல் கோட்டருகே, மூலையை ஒட்டி நிற்பார். மற்றவர் எதிர்ச் சுவரோரம், தாக்கும் பகுதியின் எல்லையான நீலக்கோட்டுக்கு வெளியே பின்தங்கி நிற்பார். உள்ளே இருப்பவருக்கு வலைவாசல். வெளியே இருப்பவருக்கு, பக் போன பிறகு அதன் முதுகுக்குப் பின்னால் நடக்கும் அத்தனை வேலைகளும்: இழுப்பு, குத்து, பக் கைவிட்டுப் போன பிறகு வருகிற இடி. ஆட்டம் சட்டென்று திரும்பிவிட்டால் வெளியே இருந்தவர் முன்னவராகி மறுகோடிக்கு ஓடுவார். உள்ளே இருந்தவர் பின்னவராகிவிடுவார்.

கோல் கோட்டில் நிற்பவரைக் கொஞ்ச நேரம் விடாமல் கவனியுங்கள். பக் எதிர் மூலையில் இருந்தால், அவர் கோட்டையொட்டியே வலைப் பக்கம் நகர்ந்து வருவார். அது சுவரைச் சுற்றிக்கொண்டு தம்முடைய மூலைக்கு வந்தால், இடத்தைக் காலி செய்துவிட்டுச் சுவரோரமாக மேலே நழுவுவார். அந்த மூலை ஆட்டக்காரர்களுக்குச் சொந்தம். தப்ப நேரமில்லை என்றால் சுவரின் மேல்விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கிக்கொள்வார்; பக் அடியில் ஓடிப்போகும். ஷாட் விழுகிறது என்று தெரிந்ததும் இரண்டே எட்டில் வலைக் கம்பத்தை நோக்கிப் பாய்வார். பக் முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். அதைக் கோட்டின் நேரில் இருந்து பார்க்காமல் வேறெங்கிருந்து பார்த்தாலும் அது ஊகம்தான். இவ்வளவையும் செய்யும்போது ஒருமுறைகூட பக்குக்கு முதுகைக் காட்டியிருக்க மாட்டார். எனக்கு ஒரு நல்ல கோலைவிட இந்த நகர்வு அழகு.

கே: "ரெஃப்ரி, கண் தெரியலையா?" என்று கத்துவது நியாயமா? (பிராம்ப்டன்)

ப: ஒருவரிடம் மட்டும் கத்தியிருக்கலாம்; பாதி உண்மையாக இருந்திருக்கும். பில் சாட்விக் என்ற அமெரிக்கர் 1939 முதல் 1955 வரை என்.எச்.எல்-லில் நடுவராக இருந்தார். இளம் ஆட்டக்காரராக இருந்தபோது பக் பட்டு வலக்கண் பார்வை போய்விட்டது. ஒற்றைக் கண்ணோடு ஸ்டான்லி கோப்பை இறுதி ஆட்டங்கள் வரை நடத்தினார். மற்றவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததை, அவர் உடம்பையே நகர்த்திப் பார்த்தார். பக்கை ஒட்டியே ஓடினார்.

இன்று நீங்கள் பார்க்கும் கை சைகைகளுக்கும் அவர்தான் மூலம். கூட்டத்தின் இரைச்சலில் தண்டனைக் கணக்கு எழுதுபவருக்குத் தாம் சொல்வது கேட்காததால், இடறிவிட்டதற்கு ஒரு சைகை, பிடித்து நிறுத்தியதற்கு ஒரு சைகை என்று காட்டத் தொடங்கினார். 1964-இல் ஹாக்கி புகழவையில் இடம் கொடுத்தார்கள். ஆகவே, அடுத்த முறை கத்துவதற்கு வேறு ஏதாவது வாக்கியம் பாருங்கள்.

கே: நான் மேப்பிள் லீஃப்ஸ் ரசிகன். 1993-இல் எங்களுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி உங்கள் தீர்ப்பு என்ன? (டொரண்டோ)

ப: முப்பது வருஷம் தாண்டியும் ஆறாத புண். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1993 மே 27, லாஸ் ஏஞ்சலஸ். அரையிறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், 4-4 என்று சமநிலையில் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. கிங்ஸ் அணியின் வேய்ன் கிரெட்ஸ்கியின் ஸ்டிக், லீஃப்ஸ் அணியின் டக் கில்மோரின் தாடையில் பட்டு ரத்தம் வந்தது. ரெஃப்ரி கெர்ரி ஃப்ரேசர் தண்டனை கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் அதே கிரெட்ஸ்கி கோல் அடித்து ஆட்டத்தை முடித்தார். ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல் போட்டுத் தொடரையும் முடித்தார்.

இனி என் தீர்ப்பு. அது ஒரு மனிதரின் நேர்மை பற்றிய வழக்கே இல்லை. நிற்கும் இடம் பற்றிய வழக்கு. அன்று பனித்தரையில் ரெஃப்ரி ஒருவர்தான். தாடையில் ஸ்டிக் பட்ட அந்தக் கணத்தை அவர் பார்க்கவில்லை. அதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உடனே லைன்ஸ்மேன்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். பார்த்தேன் என்று உறுதியாகச் சொல்ல ஒருவரும் இல்லை. பார்க்காததற்குத் தண்டனை கொடுக்கக் கூடாது என்பது நடுவர் தொழிலின் அடிப்படை. கீழே ரத்தம் கிடக்கிறது, ஆகவே யாரோ அடித்திருக்க வேண்டும் என்று ஊகித்து ஒருவரை வெளியே அனுப்பியிருந்தால் அதுதான் பெரிய பிழை. சொந்த அணியின் ஸ்டிக்கே தாடையில் படுவது இந்த ஆட்டத்தில் அபூர்வமில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ரெஃப்ரி இருந்திருந்தால்? பார்த்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் நான் நம்புகிறேன். உங்கள் கோபத்தை ஃப்ரேசரிடமிருந்து எடுத்து, 85 அடி அகலத்தை ஒரு ஜோடிக் கண்ணிடம் ஒப்படைத்த ஏற்பாட்டின் மேல் வையுங்கள்.

கே: ஆஃப்சைடைப் பார்க்க ஒரு கோட்டில் நின்றால் போதுமே, அதில் என்ன கஷ்டம்? (சென்னை)

ப: காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு வேகமானியைப் பாருங்கள். முள் ஒரு எண்ணைக் காட்டும். ஓட்டுகிறவர் வேறு எண் என்பார். நீலக்கோட்டிலும் அதே கதை. கோட்டுக்கு நேராக நிற்காமல் ஓரடி தள்ளி நின்றாலும் ஸ்கேட் முன்னால் போனதா, பக் முன்னால் போனதா என்பது மாறித் தெரியும்.

பக் கோட்டைத் தாண்டும் முன், தாக்கும் அணிக்காரரின் இரண்டு ஸ்கேட்டுகளும் முழுசாக உள்ளே போயிருந்தால் ஆஃப்சைட். லைன்ஸ்மேன் பக்குக்கு முன்னால் கோட்டுக்கு வந்து, நின்று, கோட்டின் வழியே பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் தலை ஆடும். தலை ஆடினால் கோடும் ஆடும். 2005-06-இல் நடுக்கோட்டைத் தாண்டிய நீளமான பாஸ்களை என்.எச்.எல். அனுமதித்த பிறகு, பக் ஒரே பாஸில் தற்காப்பு முனையிலிருந்து எதிரணியின் நீலக்கோட்டுக்கு வந்துவிடுகிறது. பாஸ் போட்ட பிறகு பின்வாங்கத் தொடங்கினால் வண்டி போய்விட்டது என்று அர்த்தம். பாஸ் போடுகிறவர் தலையை நிமிர்த்தும்போதே லைன்ஸ்மேன் கிளம்பியிருக்க வேண்டும்.

2013 பிப்ரவரியில் கொலராடோவின் மாட் டுஷேன் நாஷ்வில்லுக்கு எதிராக அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். பல அடி உள்ளே நின்றிருந்தார். நாஷ்வில் ஆட்டக்காரரே பக்கை உள்ளே தட்டிவிட்டார் என்று லைன்ஸ்மேன் எடுத்துக்கொண்டதால் ஆட்டம் நிற்கவில்லை. இப்படிப்பட்ட கோல்கள் கிளப்பிய பேச்சுக்குப் பிறகு 2015-16 முதல் ஆஃப்சைடுக்கும் பயிற்சியாளர் மறுபரிசீலனை கேட்கலாம் என்று ஆனது. அதன் பிறகு இன்னொரு தலைவலி: பின்கால் ஸ்கேட் பனியைத் தொட்டதா, ஒரு நூல் உயரத்தில் மிதந்ததா என்று நிமிஷக்கணக்கில் ஸ்லோமோஷன். 2020-21-இல் அதையும் தீர்த்தார்கள். ஸ்கேட் காற்றில் இருந்தாலும் கோட்டுக்கு நேர் மேலே இருந்தால் ஆன்சைட்தான். நல்ல திருத்தம், பனியிலிருந்து எழும்பிய ஒரு நூல் இடைவெளியால் யாருக்கும் எந்த லாபமும் கிடைத்ததில்லை.

கே: ஐசிங் ஆகும்போது ஒரு லைன்ஸ்மேன் கையைத் தூக்குகிறார், இன்னொருவர் விசில் ஊதுகிறார். ஏன் இந்தப் பங்கீடு? (திருச்சி)

ப: நடுக்கோட்டைத் தொடும் முன்னே அடித்த பக் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் போவதுதான் ஐசிங். பார்க்க வேண்டிய இடம் இரண்டு; அவை வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. பக்கை அடித்தவர் நடுக்கோட்டைத் தொடும் முன்னே அடித்தாரா என்று பார்ப்பவர் பின்னால் இருப்பவர். ஐசிங் ஆகலாம் என்று கையைத் தூக்குகிறார். முன்னால் இருப்பவர் கோடிக்கு ஓடிவரும் இருவரைப் பார்க்கிறார்: ஃபேஸ்-ஆஃப் புள்ளிகளுக்கு நேராக வரும்போது முந்தி இருப்பது தற்காப்பாளரா, தாக்குகிறவரா? தற்காப்பாளர் முந்தினாலோ சமமாக வந்தாலோ விசில். தாக்குகிறவர் முந்தினால் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டுவார், ஆட்டம் தொடரும்.

இந்தக் கலப்பு முறை 2013-14-இல் வந்தது. முன்பு பக்கைத் தொடும்வரை ஓட வேண்டும். 2013 ஏப்ரலில் கரோலினாவின் யோனி பிட்கானென் அப்படி ஓடி, சுவரில் மோதிக் குதிகாலை நொறுக்கிக்கொண்டார், மறுபடி என்.எச்.எல்-லில் ஆடவே இல்லை. முன்னவர் எடுக்கும் அந்த அரை விநாடித் தீர்ப்பு, பின்னால் வரும் ஓர் எலும்பு முறிவைத் தடுக்கிறது. லைன்ஸ்மேன் வேலையில் நான் மிக மதிப்பது இதைத்தான்.

கே: ஃபேஸ்-ஆஃபில் பக்கைப் போடுவதற்கு அத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? கீழே வைத்துவிட்டுப் போகலாமே! (மொன்றியால்)

ப: அப்படித்தான் ஒருகாலத்தில் வைத்தார்கள். வைக்கிற கையையும் சேர்த்து ஸ்டிக்குகள் பதம் பார்த்தன. ஃப்ரெட் வாகோர்ன் என்ற கனடிய நடுவர், வைப்பதை நிறுத்திவிட்டு மேலிருந்து போட்டுவிட்டு விலகினார். இன்றுவரை அந்த வழக்கம்தான். அவர் பெயரில் இன்னொரு கதையும் உண்டு. அந்தக்கால பக் இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஓர் ஆட்டத்தில் அது பிளந்து பாதி மட்டும் வலைக்குள் போனது. பாதி பக், பக் ஆகாது, கோல் இல்லை என்றார். ஒரே துண்டாக பக் செய்ய அது வழிவிட்டது.

இனி ஆர்ப்பாட்டம். நின்றிருக்கும் ஆட்டத்தில் வெளியூர் அணி முதலில் ஆளை மாற்ற வேண்டும், உள்ளூர் அணிக்குக் கடைசி வாய்ப்பு. அந்த வரிசையை ரெஃப்ரி கை காட்டி நடத்துவார். நடு வட்டத்தில் வெளியூர் ஆட்டக்காரர் முதலில் ஸ்டிக்கைத் தரையில் வைக்க வேண்டும். மற்ற புள்ளிகளில் தற்காக்கும் அணிக்காரர் முதலில். ஒருவர் ஏமாற்றினால் அவரை விலக்கி வேறொருவரைக் கூப்பிடுவார் லைன்ஸ்மேன். அதே அணி அதே ஃபேஸ்-ஆஃபில் மறுபடி செய்தால் இரண்டு நிமிடத் தண்டனை. இன்னொரு லைன்ஸ்மேன் நீலக்கோட்டிலிருந்து வட்டத்துக்குள் யார் நுழைகிறார்கள் என்று பார்ப்பார்.

கையைப் பாருங்கள்: பக் படுக்கைவாட்டில் விழ வேண்டும். ஓரம் குத்தி விழுந்தால் உருண்டு ஓடி யாருக்கோ இலவசமாகக் கிடைத்துவிடும். போட்ட பிறகு உடனே ஓடக் கூடாது என்பது புதியவர்களுக்குக் கடினமான பாடம். சுற்றிலும் ஸ்டிக்குகள் சுழலும்போது ஒரு கணம் அப்படியே நின்று, ஆட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கமாக விலகி, சுவரைப் பிடித்து நீலக்கோட்டுக்குப் போக வேண்டும்.

கே: ஆட்டக்காரர்கள் குத்துச்சண்டை போடுகிறார்கள், லைன்ஸ்மேன்கள் வேடிக்கை பார்க்கிறார்களே? (கோவை)

ப: வேடிக்கை இல்லை, காத்திருப்பு. ஒரு லைன்ஸ்மேன் மட்டும் தனியாக நுழைந்து ஒருவர் கையைப் பிடித்தால், மற்றவர் தடுக்க ஆளில்லாத முகத்தில் குத்துவார். ஆகவே இருவரும் சேர்ந்துதான் நுழைய வேண்டும், ஆளுக்கு ஒருவர். அதுவரை கீழே கிடக்கும் ஸ்டிக்கையும் கையுறையையும் காலால் ஒதுக்கி வைப்பார்கள். பின்னோக்கி வருகிறவர் தடுக்கி விழக் கூடாது. கை தளர்ந்ததும், அல்லது ஒருவர் விழுந்ததும், ஒரு பார்வை பரிமாற்றம், உள்ளே. ரெஃப்ரிகள் தள்ளி நின்று யார் தொடங்கினார், மூன்றாவதாக யார் நுழைந்தார் என்று எண்களைக் குறித்துக்கொள்வார்கள். அவர்களும் உள்ளே குதித்தால் தண்டனையைத் தீர்மானிக்கச் சாட்சி இருக்காது.

கே: விசில் ஊதும் முன்பே பக் வலைக்குள். ஆனால் கோல் இல்லையாம்! (மார்க்கம்)

ப: விசிலைத் தீர்மானிப்பது வாய் இல்லை, மனம். பக் கண்ணை விட்டு மறைந்துவிட்டது, ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று ரெஃப்ரி முடிவெடுத்த கணமே ஆட்டம் நின்றதாகத்தான் என்.எச்.எல். விதி சொல்கிறது. கோல்கீப்பரின் கையுறைக்கடியில் ஸ்டிக்கால் தோண்டுவதைத் தடுக்க இந்த விதி தேவை. விரலில் மாட்டிய விசில் உதட்டுக்கு வருவதற்குள் ஒரு கணம் கழிந்துவிடும்.

ஆனால் உங்கள் கோபத்துக்கும் நியாயம் உண்டு. கோல் கோட்டில் நல்ல கோணத்தில் நின்றவருக்கு பக் இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். மூலையில் தேங்கிவிட்டவருக்கு அது முன்பே மறைந்திருக்கும். விதி இருவருக்கும் ஒன்றே.

கே: பக் நடுவர் மேல் பட்டு வலைக்குள் போனால்? (யாழ்ப்பாணம்)

ப: நேராக அவர் மேல் பட்டுப் போனால் கோல் இல்லை. வேறு பக்கம் தெறித்தால் ஆட்டம் தொடரும். வலிக்கும், பக் 156 முதல் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர், அதுவும் ஆட்டத்துக்கு முன் உறையவைத்தது.

கே: தண்டனை கொடுத்துவிட்டு ரெஃப்ரி மேசையில் பேசும்போது ஆட்டக்காரர்கள் ஏன் கிட்டே போவதில்லை? (சென்னை)

ப: மேசைக்கு முன்னால் சிவப்பு அரைவட்டம் இருக்கிறதே, பத்தடி ஆரத்தில்? ரெஃப்ரி தண்டனையைச் சொல்லும்போது அழைக்காமல் அதற்குள் நுழைந்தால் நுழைந்தவருக்கும் தண்டனை.

கே: என் பதினாலு வயது மகள் நடுவராகப் பயிற்சி எடுக்க ஆசைப்படுகிறாள். பெற்றோர்கள் கத்துவதைப் பார்த்தால் அனுப்பப் பயமாக இருக்கிறது. (ஸ்கார்பரோ)

ப: அனுப்புங்கள் அம்மா. உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் கனடாவில் பல இடங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்ட நடுவர்களுக்குப் பச்சைப் பட்டி கட்டுகிறார்கள். நீ கத்துவது ஒரு குழந்தையைப் பார்த்து என்று அரங்கத்துக்கு அது சொல்கிறது. பச்சைப் பட்டியைக் கண்டும் கத்துகிற பெற்றோரை அரங்கத்தை விட்டே அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல நடுவர்கள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டே, இருக்கிற சிறுவர்களைக் கத்தி விரட்டுகிறோம்.

வழியும் திறந்திருக்கிறது. 2021-இல் கேட்டி குவே என்.எச்.எல்-லுக்கு அடுத்த படியான ஏ.எச்.எல். லீக்கில் ரெஃப்ரியாக இறங்கினார். அந்த லீக்கில் பெண் ஒருவர் ரெஃப்ரி ஆனது அதுவே முதல்முறை.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். சிறுவர் ஆட்டங்களில் பெரும்பாலும் நடுவர்கள் இரண்டே பேர். கோடும் வலையும் தவறுகளும் எல்லாமே இருவர் தலையில். அதனால் பின்னோக்கி ஸ்கேட் செய்வதை முன்னோக்கிச் செய்வதற்குச் சமமாகப் பழக வேண்டும், காலைப் பார்க்காமல். விசில் ஊதிய பிறகு உடனே திரும்பிப் போய்விடக் கூடாது. ஊதி, நின்று, சைகை காட்டி, யாரும் யாரையும் சீண்டவில்லை என்று பார்த்த பிறகுதான் நகர வேண்டும். சீண்டல்களில் பாதி விசிலுக்குப் பிறகுதான் முளைக்கும். கூட்டாளி நடுவர் எங்கே நிற்கிறார் என்பதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கே: முதல்முறை நேரில் ஆட்டம் பார்க்கப் போகிறேன். நடுவர்களைப் பார்க்க எங்கே உட்காரலாம்? (பிராம்ப்டன்)

ப: மூலைப் பக்கம், கோல் கோட்டுக்குச் சற்று மேலே, ஏழெட்டு வரிசை தள்ளி. கண்ணாடியை ஒட்டிய இருக்கை வேண்டாம். அங்கே மோதல் தெரியும், நகர்வு தெரியாது. முதல் பத்து நிமிடம் பக்கைப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு லைன்ஸ்மேனைத் தேர்ந்தெடுத்து, பக் எங்கே போனாலும் அவரையே பாருங்கள். பக் நீலக்கோட்டுக்கு வரும்போது அவர் ஏற்கெனவே அங்கே நிற்கிறாரா என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். என்ன கணக்கு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.